மகன் "ரொம்பீதோ" என்கிறான்: வீட்டில் தமிழ் பேசுவதால் வந்த குழப்பமா?

மீனா, ஹெதாஃபே (மாட்ரிட் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளாக மனசே சரியில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு இப்போது மூன்று வயது இரண்டு மாதம். எட்டு மாதக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தோம். வீட்டில் நானும் அவரும் தமிழ்தான் பேசுகிறோம். ஒன்றரை வயதில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம், இந்த செப்டம்பரில் பள்ளிக்கூடம். ஸ்பானிஷ் முழுக்க அங்கே பிடித்ததுதான். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. எதிர்வீட்டுப் பாட்டியிடம் அவன் மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

போன வியாழக்கிழமை அந்தப் பாட்டியிடம் தன் லாரி பொம்மையைக் காட்டி "ஸே ஆ ரொம்பீதோ" என்றான். உடைந்துபோச்சு என்று சொல்லவந்தான். "ஸே ஆ ரோத்தோ" என்றல்லவா வரவேண்டும்? அன்றிலிருந்து காது கொடுத்துக் கேட்கிறேன். வைத்துவிட்டேன் என்பதற்கு "எ புவெஸ்தோ" இல்லை, "எ பொனீதோ". செய்துவிட்டேன் என்பதற்கு "ஏச்சோ" இல்லை, "அஸீதோ". எனக்குத் தெரியாது என்பதற்கு "நோ ஸே" போய் "நோ ஸாபோ".

என்னைப் பயமுறுத்துவது இதுதான்: இரண்டரை வயதில் இவன் "ரோத்தோ" என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். என் கைபேசியில் வீடியோ இருக்கிறது. உடைந்த பிஸ்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு "ரோத்தோ, ரோத்தோ" என்று தெளிவாகச் சொல்கிறான். தெரிந்தது எப்படி மறந்துபோகும்?

வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். அன்பாகத்தான் பேசினார். ஆனால் இரண்டு மொழி சேர்ந்து குழந்தையைக் குழப்புகிறது, வீட்டிலும் ஸ்பானிஷ் பேச ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டார். என் ஸ்பானிஷ் காய்கறிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போதும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு என் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தாலாட்டுவேன்? தென்காசியில் இருக்கும் என் அம்மா தினமும் சாயங்காலம் அவனோடு வீடியோவில் பேசுகிறார். அதையும் நிறுத்த வேண்டுமா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் ஏதாவது தப்புப் பண்ணிவிட்டேனா?

செந்தில், குவாதலஹாரா (மெக்சிகோ)

சகோதரி, முதலில் கவலையை விடுங்கள். என் மகளுக்கு ஐந்தரை வயது, இதே கட்டத்தைத் தாண்டி வந்தவள்.

அவளுக்கு மூன்றரை வயது இருக்கும்போது ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து விளையாடுவாள். பக்கத்து வீட்டுப் பையனும் அவளும் ஒரே பெட்டிக்குள் நுழையப் பார்ப்பார்கள். "நோ காபோ, நோ காபோ!" என்று கத்துவாள், நான் இதில் கொள்ளமாட்டேன் என்ற அர்த்தத்தில். சரியான சொல் "கேபோ". நானும் உங்களைப் போலவே, தமிழால் கெட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் அந்தப் பையன் பெட்டிக்குள் காலை விட்டுக்கொண்டு அதே "நோ காபோ" சொன்னான். அவன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி நாலு பேருக்கும் ஸ்பானிஷைத் தவிர வேறு மொழி தெரியாது. அன்றோடு என் பயம் போயிற்று.

ஒரு வித்தியாசம் கவனித்தேன். இங்கே மெக்சிகோவில் காலையில் விழுந்த பொருளுக்கும் "ஸே கயோ" என்றுதான் சொல்வார்கள். உங்கள் பக்கம் "ஸே ஆ கயீதோ" என்று நீட்டிச் சொல்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் "ரொம்பீதோ" அவ்வளவாகக் கேட்டதில்லை. அதற்குப் பதில் "பொனியோ" கேட்டது, "புஸோ" என்று வரவேண்டிய இடத்தில். விளையாடுகிறேன் என்பதற்கு "ஹுவேகோ" வராமல் "ஹூகோ" வந்தது. இந்த ஊரில் ஹூகோ என்றால் பழச்சாறு. ஆரஞ்சு ஹூகோ வேண்டுமா என்று அவளுடைய ஆயா திருப்பிக் கேட்பார்.

அந்த "நோ ஸாபோ" விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். அமெரிக்காவில், ஸ்பானிஷ் சரியாக வராத லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகளை "நோ ஸாபோ பிள்ளைகள்" என்றே பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். சான் அன்டோனியோவில் இருக்கும் என் சக ஊழியர் ஒருவர் அந்தக் கேலியைக் கேட்டே வளர்ந்தவர். இன்றைக்கும் ஸ்பானிஷில் வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறார். உங்கள் மகன் காதுபட யாரும் அவன் பேச்சைக் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயல், சலமாங்கா

மீனா, தமிழை நிறுத்தாதீர்கள். அம்மாவின் சாயங்கால அழைப்பையும் நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

சின்னக் குழந்தைகளின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்குவதுதான் ஆறு வருடமாக என் வேலை. ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காக எழுதி முடிக்க இரண்டு நாள் போய்விடும். மென்று விழுங்கின பாதிச் சொல்லையெல்லாம் பத்துத் தடவை திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுப் பழகின காதோடு சொல்கிறேன், உங்கள் மகன் சொல்லும் நாலு சொல்லும் ஸ்பெயின் முழுக்க மூன்று வயதுக் குழந்தைகள் சொல்வது. அவற்றில் தமிழ் ஒரு பொட்டுகூடக் கிடையாது.

"ரொம்பீதோ" எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சாப்பிடு என்பது "கொமேர்", சாப்பிட்டாயிற்று என்றால் "கொமீதோ". குடி "பெபேர்", "பெபீதோ". தூங்கு "தொர்மீர்", "தொர்மீதோ". வெளியே போ "ஸலீர்", "ஸலீதோ". காப்பகத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை இவற்றைக் கேட்டிருப்பான்! உடை என்பது "ரொம்பேர்". அப்படியானால் "ரொம்பீதோ" என்றுதானே வரவேண்டும்? எந்தப் பெரியவரும் அவனிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவனே செய்த சொல் அது. அதைச் செய்ய வேண்டுமானால் "ரொம்ப்" என்ற அடியைத் தனியாகவும் "ஈதோ" என்ற விகுதியைத் தனியாகவும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இலக்கணப் புத்தகம் பார்த்திராத பிள்ளை அதைச் செய்திருக்கிறான்.

"ஸாபோ"வும் அதே கதை. "கோமெஸ்" நீ சாப்பிடுகிறாய், "கோமே" அவன் சாப்பிடுகிறான், "கோமோ" நான் சாப்பிடுகிறேன். "ஸாபெஸ்" உனக்குத் தெரியும், "ஸாபே" அவனுக்குத் தெரியும். நான் என்று வரும்போது மட்டும் வழக்கம் திடீரென்று "ஸே" என்கிறது. குழந்தையின் கணக்கில் தப்பே இல்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்வி: இரண்டரை வயதில் சரியாகச் சொன்னது மூன்றில் ஏன் தப்பாயிற்று? அப்போது அவனிடம் இருந்தது "ரோத்தோ" என்ற ஒரு முழுச் சொல். பந்து, பிஸ்கட் மாதிரி அதுவும் ஒன்று. அது "ரொம்பேர்" என்ற வினையிலிருந்து பிறந்தது என்று அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. தெரிந்ததும் மற்ற வினைகளை நடத்துகிற மாதிரியே இதையும் நடத்துகிறான். இன்னும் கொஞ்ச நாளில், இந்த வினைக்கு மட்டும் தனி வழி என்று காது அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். அடுத்த வருடம் "ரோத்தோ" திரும்பி வரும்போது, உச்சரிப்பு அதேதான், ஆனால் உள்ளே இருக்கும் அறிவு வேறாக இருக்கும்.

குழந்தைகள் முதலில் வினைகளைத் தனித்தனித் தீவுகளாகக் கற்கிறார்கள் என்பது மைக்கேல் டொமசெல்லோ என்ற ஆய்வாளரின் கருத்து. தன் மகளின் ஆங்கிலப் பேச்சை நாட்குறிப்பாக எழுதிவைத்து அதிலிருந்து 1992-ல் அதைச் சொன்னார். ஒரு வினைக்குத் தெரிந்த அமைப்பு பக்கத்து வினைக்குத் தெரியாது, ஒவ்வொரு தீவுக்கும் தனிப்படகு. ஸ்பானிஷில் இது இன்னும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் ஒரே வினைக்கு ஐம்பதுக்கு மேல் வடிவம். குழந்தை அந்த ஐம்பதையும் வரிசையாக எடுத்துக்கொள்வதில்லை. "தாமே" (கொடு), "மீரா" (பாரு), "பென்" (வா), "எஸ்தா" (இருக்கு), "நோ கியேரோ" (வேண்டாம்) என்று ஒவ்வொரு வினைக்கும் ஏதோ ஒரு வடிவம்தான் கையில் இருக்கும். கொடு என்று கட்டளையிடத் தெரிந்த குழந்தைக்கு நான் கொடுக்கிறேன் என்று சொல்ல வராது. வர்ஜீனியா கேதர்கோலும் இரண்டு ஸ்பானிஷ் ஆய்வாளர்களும் 1999-ல் இதைத்தான் காட்டினார்கள்: வினை விகுதிகள் ஒரே அலையாக வந்து சேர்வதில்லை, துண்டு துண்டாகச் சேர்கின்றன.

2015-ல் ஹவியேர் அகுவாதோ-ஓரேயாவும் ஜூலியன் பைனும் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு குழந்தைகளின் அடர்த்தியான பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் விகுதித் தப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் ஸ்பானிஷ் குழந்தைகளுக்கு இந்த விகுதியெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது என்று பலர் எழுதிவந்தார்கள். ஆனால் "அவர்கள்", "அவைகள்" என்ற படர்க்கைப் பன்மையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் தப்பு ஏகமாக ஏறிவிடுகிறது. அடிக்கடி கேட்கும் வடிவம் சரியாக வருகிறது, அரிதாகக் கேட்பது தடுமாறுகிறது. பதிவுகளை எழுதுகிற எனக்கு இது அன்றாட அனுபவம். "நாய்கள் வருது" என்கிற மாதிரியான வாக்கியங்கள் அந்த வயதில் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு ஆய்வும் உங்கள் ஆசிரியை கேட்க வேண்டியது. ஹரால்ட் க்ளாசன் குழுவினர் 2002-ல் வெளியிட்டது. ஒரு வயது ஏழு மாதத்திலிருந்து நாலு வயது ஏழு மாதம் வரை பதினைந்து குழந்தைகள். எல்லாரும் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள். தப்புகள் ஒரே திசையில்தான் போயின: ஒழுங்கான விகுதியை ஒழுங்கில்லாத வினைக்குப் போட்டார்கள், தலைகீழாக நடக்கவில்லை. "ரோத்தோ"வைப் பார்த்து "கொமேர்" என்பதற்கு "கோத்தோ" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. குழம்பிப்போன பிள்ளை என்றால் இரண்டு பக்கமும் அல்லவா தடுமாற வேண்டும்?

ஒழுங்கில்லாத வடிவங்கள் எல்லாம் லத்தீன் விட்டுப்போன பழைய சொத்து. ருப்துஸ் தேய்ந்து ரோத்தோ ஆனது, ஃபக்தும் தேய்ந்து ஏச்சோ ஆனது. பெரியவர்களின் மொழியே சில இடங்களில் இன்னும் முடிவெடுக்கவில்லை. பொரித்தது என்பதற்கு "ஃப்ரீத்தோ", "ஃப்ரெயீதோ" இரண்டையும் ஸ்பானிஷ் அகாதெமி ஏற்கிறது. அச்சிட்டது என்பதற்கும் இரண்டு வடிவம் உண்டு.

தமிழைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு பதிவு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. சமையலறை மேஜை, மாண்டரின் ஆரஞ்சு, இரண்டு வயது எட்டு மாதப் பெண்குழந்தை. "லா பேலாஸ் தூ?" என்று அம்மா கேட்கிறாள், நீயே உரிக்கிறாயா என்று. தோலில் நகம் பதியும் சத்தம் கேட்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு குழந்தை சொல்கிறது: "லா பேலோ யோ." நானே உரிக்கிறேன். அம்மா வாயிலிருந்து வந்த "பேலாஸ்" குழந்தை வாய்க்குள் "பேலோ"வாக மாறிவிட்டது. கேட்ட வினையை அப்படியே திருப்பித் தராமல் விகுதியை மாற்றித் தர வேண்டும் என்ற அறிவு அது. நம் வீட்டில் "உரிக்கிறியா?" என்றால் "உரிக்கிறேன்" என்று பிள்ளை சொல்கிறதே, அதே வேலை. தமிழிலும் ஸ்பானிஷிலும் "நான்" என்ற சொல்லை விட்டுவிட்டாலும் வினையின் வால் யாரென்று சொல்லிவிடும். மகன் இந்த வித்தையை உங்களிடம் தமிழில் ஏற்கெனவே பழகியிருக்கிறான். பிடிக்கும் என்று சொல்லும்போதும் பாருங்கள். "மே குஸ்தா" என்பதில் "மே" என்றால் எனக்கு. "எனக்குப் பிடிக்கும்" என்ற நம் வாக்கியத்தின் எலும்புக்கூடு அது. இங்கே மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரிந்த எனக்கு அது முதல் நாளே வீட்டுச் சொல்லாக இருந்தது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சில நாள், உடைந்த பொருளைப் பற்றி அவன் எப்போது "ரோத்தோ" சொல்கிறான், எப்போது "ரொம்பீதோ" சொல்கிறான் என்று கேட்டு எழுதிவையுங்கள். திருத்த வேண்டாம். "ஸே ஆ ரொம்பீதோ" என்றால் எதிர்வீட்டுப் பாட்டி "ஆமாடா கண்ணு, ஸே ஆ ரோத்தோ" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு மேலே போனால் போதும். சரியாகச் சொல்லு என்று நிறுத்திவைத்தால் பிள்ளை பேச வந்த விஷயமே போய்விடும்.

பேச்சு மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறிகள் வேறு. இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்க்கவில்லை, சொன்னது புரியவில்லை, இருந்த சொற்கள் இரண்டு மொழியிலும் மறைந்துபோகின்றன என்றால் தாமதிக்கக் கூடாது. பாட்டியிடம் மணிக்கணக்காகக் கதை பேசுகிற பிள்ளைக்கு அதில் எதுவும் இல்லை.

தர்ஷினி, பார்சலோனா

கயல் அக்கா எழுதினதை என்ர அவருக்கும் வாசிச்சுக் காட்டினன். எனக்கும் ஒரு கேள்வி இருக்கு.

நாங்கள் யாழ்ப்பாணம். மகளுக்கு நாலு வயசு. பள்ளிக்கூடத்தில கற்றலான் (இஞ்சத்தைப் பாசை), விளையாட்டுத் திடலில ஸ்பானிஷ், வீட்டில தமிழ் எண்டு மூண்டு பாசை. அவள் "லோ எ கயீதோ" எண்டு சொல்லுறவள். தான்தான் கீழ விழுத்தினது எண்ட கருத்தில. இஞ்ச ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை, "லோ எ தீராதோ" எண்டுதான் சொல்லவேணும் எண்டு கூட்டாளியின்ர தாய் சொன்னவா. எங்கட வீட்டில "கோப்பையை விழுத்திப்போட்டியோ" எண்டுதான் கேக்கிறது. விழு, விழுத்து எண்டு ஒரே அடியில ரெண்டும் வருதுதானே. அந்தப் பழக்கத்தில ஸ்பானிஷையும் அப்பிடிச் செய்யிறாளோ எண்டு யோசிக்கிறன்.

கயல், சலமாங்கா

தர்ஷினி, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அவ்வளவு நல்ல கேள்வி.

வேறு மொழி தெரியாத ஸ்பானிஷ் குழந்தைகளும் இதைச் சொல்வார்கள். காரணம் "ரொம்பேர்" போன்ற வினைகள். தானாக உடைந்தால் "ஸே ரொம்பே", நான் உடைத்தால் "லோ ரொம்போ". ஒரே வினை இரண்டு வேலையும் செய்கிறது. திற, மூடு, நிரப்பு எல்லாம் அப்படித்தான். "கயேர்" மட்டும் வம்பு. தானாக விழுந்தால் அது, தள்ளினால் "தீரார்" என்ற வேறு வினை. சென்னைப் பக்கத்துத் தமிழிலும் பாருங்கள், விழுந்தது என்போம், நாமே செய்தால் கீழே போட்டேன், தள்ளிவிட்டேன் என்று வேறு சொல்லுக்குப் போய்விடுவோம். யாழ்ப்பாணத்தில் "விழுத்து" உயிரோடு இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது துணைசெய்திருக்கலாம், ஆனால் தமிழே தெரியாவிட்டாலும் அவள் அந்தப் பக்கம் போயிருப்பாள்.

இன்னும் ஒரு சந்தோஷம். நான் இருக்கும் சலமாங்காவிலும், தெற்கே எஸ்த்ரெமதூராவிலும் கிராமத்துப் பெரியவர்களே "கயேர்" என்பதைப் பிறவினையாகப் பேசுகிறார்கள். கண்ணாடி டம்ளரை "விழுத்தாதே" என்று நான் வாடகைக்கு இருந்த வீட்டுப் பாட்டி சொல்வார். அதாவது, மகள் சொன்னது பார்சலோனாவில் தப்பு, அந்தப் பாட்டியின் அடுப்படியில் சரியான ஸ்பானிஷ்.

அடுத்து அவள் வாயில் "ஸே மே ஆ கயீதோ" வருகிறதா என்று பாருங்கள். பொருள் விழுந்தது, எனக்கு விழுந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் அமைப்பு. முதலில் "ஸாகயீயோ" என்று ஒட்டின மாதிரி ஒரே உருண்டையாகத்தான் வரும், ஒன்றரை வயதிலேயே. அந்த உருண்டைக்கு நடுவே "மே"யைச் செருக முடிகிறது என்றால், உருண்டைக்குள் துண்டுகள் இருப்பது பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு "அவனுக்கு", "அம்மாவுக்கு" என்று மாற்றி மாற்றிப் போட ஆரம்பிப்பாள்.

மீனா, ஹெதாஃபே

எல்லாருக்கும் நன்றி. செந்தில் அண்ணா சொன்ன அட்டைப்பெட்டிக் கதையை நான் இரவு அவரிடம் சொல்லி, இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

கயல் அக்கா சொன்னபடி ஃபிரிட்ஜ் மேல் ஒரு நோட்டு வைத்தேன். ஒன்பது நாள் ஆயிற்று. எழுதினதை அப்படியே தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சக்கரம் இல்லாத லாரியைக் கையில் வைத்துக்கொண்டு: "எஸ்தா ரோத்தோ." அதாவது, உடைந்து கிடக்கிறது. அரைமணி நேரம் கழித்துப் பாட்டி யார் உடைத்தது என்று கேட்டபோது: "லோ எ ரொம்பீதோ யோ." நான்தான் உடைத்தேன். திங்கள் சாயங்காலம் கிரேயான்: "எஸ்தா ரோத்தோ." புதன்கிழமை, பிஸ்கட் பாக்கெட்டுக்குள் கைவிட்டு: "ஸே ஆன் ரொம்பீதோ தோதாஸ்." எல்லாம் உடைந்துபோச்சு. ஒன்பது நாளில் பதினொரு தடவை. "எஸ்தா" வந்த இடத்தில் எல்லாம் ரோத்தோ, உடைந்துவிட்டது, உடைத்துவிட்டேன் என்று நடந்ததைச் சொல்லும் இடத்தில் எல்லாம் ரொம்பீதோ. ஒரு தடவைகூட மாறவில்லை! மறந்துபோனான் என்று அழுதேனே, மறக்கவே இல்லை அக்கா. இரண்டையும் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறான்.

அந்த நோட்டை ஆசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பானிஷ் வாக்கியங்களை மட்டும் ஸ்பானிஷ் எழுத்தில் என் கணவர் எழுதிக்கொடுத்திருந்தார். ஆசிரியை நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்தார். அவருடைய மகளும் சின்ன வயதில் "பொனீதோ" சொன்னது இப்போதுதான் நினைவு வருகிறது என்றார். வீட்டில் என்ன பேசுவது என்பதைப் பற்றி மறுபடி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்று. நேற்று அம்மா வீடியோவில் இருந்தார், அப்பா பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவன் என் கூலிங் கிளாஸை மூக்கில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னது: "பாலே கே யோ எரா தாத்தா, நீ எராஸ் பாப்பா." நான் தாத்தாவாம், நீ பாப்பாவாம், சரியா என்கிறான் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் "எரா" என்றால் இருந்தேன் என்று இறந்தகாலம் அல்லவா? விளையாட்டுக்கு எதற்கு இறந்தகாலம்?

கயல், சலமாங்கா

மீனா, உங்கள் நோட்டை மூன்று தடவை படித்தேன். "எஸ்தா ரோத்தோ" அவனுக்கு இன்னும் அந்தப் பழைய முழுச் சொல், பொருளின் நிலை. "எ ரொம்பீதோ" அவனே வினையிலிருந்து செய்கிற வடிவம். இதைத்தான் பார்க்கச் சொன்னேன். இவ்வளவு துல்லியமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

இறந்தகாலக் கேள்விக்கு வருகிறேன். ஸ்பானிஷ் குழந்தைகள் பாவனை விளையாட்டைத் தொடங்குவதே அப்படித்தான். மாட்ரிட்டில் "பாலே கே யோ எரா லா மமா", அர்ஜென்டினாவில் "தாலே கே யோ எரா". முடிந்துபோன காலம் என்று இங்கே அர்த்தமில்லை. இப்போது, இந்த அறையில் இருப்பதிலிருந்து விலகி நிற்கும் ஒரு உலகம் என்று அர்த்தம். பழைய கதைக்கு ஆகும் வினைவடிவமே கற்பனைக்கும் ஆகிறது. இதை எந்த ஆசிரியையும் சொல்லித்தருவதில்லை, பெரியவர்கள் தங்களுக்குள் பேசும்போது வருவதும் இல்லை. திடலில் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகிறது. நாம் "நான்தான் டாக்டராம், நீ வந்தியாம்" என்று "ஆம்" போட்டு விளையாடினோமே, அந்த "ஆம்" செய்த வேலையை இங்கே "எரா" செய்கிறது.

அந்த வாக்கியத்தில் "நீ"க்குப் பக்கத்தில் "எராஸ்" வந்திருக்கிறதே, கவனித்தீர்களா? எழுவாய் தமிழ், வினை ஸ்பானிஷ், விகுதி முன்னிலைக்குச் சரியாக மாறியிருக்கிறது.

அதைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள். பக்கத்தில் வயதையும் போடுங்கள், நாங்கள் பதிவுகளில் போடுகிற மாதிரி: மூன்று வயது, இரண்டு மாதம், இத்தனை நாள் என்று. கூலிங் கிளாஸ் போட்டிருந்தான் என்பதையும் சேர்த்து.